பெரியவர்கள் பயந்ததும் பிள்ளைகள் பார்த்ததும்: 1950களின் அமெரிக்க விடலைப் பருவம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெதர் ஜாக்கெட், எண்ணெய் மின்னும் தலைமுடி, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ், மட்கார்ட் கழற்றிய கார். 1950களின் அமெரிக்க இளைஞர்கள் என்றதும் கண்முன் வருவது இவைதான். இவை எப்படி வேலை செய்தன, யார் எதற்குப் பயந்தார்கள், பிள்ளைமை உண்மையில் எங்கே உடைந்தது என்று கேட்பவர்களுக்கான பக்கம் இது. அந்தக் காலத்தைப் பற்றி எழுதுபவர்கள், அதை நாடகமாக மேடையேற்றுபவர்கள், பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகள் இங்கே கலந்திருக்கின்றன.

'டீனேஜர்' என்று ஒரு தனி வகை எப்போது வந்தது?

ஆங்கிலத்தில் 13 முதல் 19 வரையான எண்களின் பெயர் 'டீன்' என்று முடியும். அந்த வாலைப் பிடித்து உண்டான சொல் இது; 1940களில் பரவலானது. நாமும் எண்ணை வைத்தே 'பதின்ம வயது' என்று ஆக்கிக்கொண்டோம். பழைய தமிழ் நூல்கள் பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களை வகுத்தன. ஆனால் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான், கையில் காசு இருக்கிறது, குடும்பப் பாரம் இன்னும் தோளில் ஏறவில்லை என்ற நிலைக்கு அங்கே பெயர் கிடையாது. அந்த நிலையே புதிது.

அதை உண்டாக்கியதில் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1938இன் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் பெரும்பாலான வேலைகளுக்கு 16 வயதைக் குறைந்தபட்ச வரம்பாக வைத்தது. ஆலைக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் தங்கினார்கள். ஒரே வயதுக்காரர்கள் ஆயிரம் பேர் ஒரே கட்டடத்தில் தினமும் கூடினால் அவர்களுக்கென்று பேச்சும் உடையும் பாட்டும் வரத்தானே செய்யும். 1944 செப்டம்பரில் 'செவன்டீன்' என்ற பத்திரிகை இந்த வயதுப் பெண்களுக்கென்றே வெளிவந்தது. விளம்பரதாரர்கள் விழித்துக்கொண்டார்கள்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. பல மாநிலங்களில் 16 வயதில் கார் ஓட்டலாம். 18 வயதில் பையன்கள் ராணுவ அழைப்புக்குப் பெயர் பதிய வேண்டும். ஆனால் ஓட்டுரிமை பெரும்பாலான மாநிலங்களில் 21 வயதில்தான். அது நாடு முழுக்க 18 ஆனது 1971இல். கொரியாவுக்கு அனுப்பத் தகுந்தவன், அனுப்புகிறவரைத் தேர்ந்தெடுக்கத் தகாதவன். அந்தக் கோபத்தைக் 'காரணமில்லாத கலகம்' என்று சொல்வது சரியில்லை.

45 தட்டு என்பது என்ன? இன்று ஒன்று கிடைத்தால் எப்படிப் போடுவது?

1949 மார்ச்சில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் கொண்டுவந்த 7 அங்குலத் தட்டு. நிமிடத்துக்கு 45 சுற்று. அதற்கு முந்தைய 78 தட்டு 10 அங்குலம், அரக்கால் ஆனது, கனமானது, கைதவறினால் தூள். 45 வினைலால் ஆனது. புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு தோழி வீட்டுக்குப் போகலாம். விலை ஒரு டாலரை ஒட்டி. அதாவது பெரியவர்களிடம் கேட்காமல் வாங்கக்கூடிய முதல் இசை. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, பெரும்பாலும் 3 நிமிடத்துக்குள்.

நடுத்துளை ஒன்றரை அங்குலம், சுமார் 38 மில்லிமீட்டர். ஆர்.சி.ஏ. செய்த பிளேயரில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தானாக ஒவ்வொன்றாய் விழும். விழவைக்கும் பொறியைத் தடித்த நடுக்கம்பிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். துளை பெரிதாக இருப்பது அதற்காகத்தான்.

இன்று போடுவதற்கு: சாதாரணப் பிளேயரின் கம்பி மெல்லியது, எனவே நடுத்துளைக்குள் பொருந்தும் வளையம் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். பொருத்தாமல் கண்மதிப்பில் வைத்தால் தட்டு மையம் விலகிச் சுற்றும், சுருதி ஏறி இறங்கும். வேகத்தை 45க்கு மாற்றுங்கள். 1950களின் 45 தட்டுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. உங்கள் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், கரகரப்பு கணிசமாகக் குறையும். 78 தட்டுக்கான தடித்த ஊசியை இதில் ஒருபோதும் வைக்காதீர்கள். 78இன் பள்ளம் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். அதற்கான ஊசி 45இன் பள்ளத்துக்குள் இறங்காமல் மேல்விளிம்பைச் சுரண்டிவிடும்.

சில நிறுவனங்கள் வினைலுக்குப் பதில் ஸ்டைரீன் என்ற மலிவான பிளாஸ்டிக்கில் அடித்தன. அது விறைப்பாக இருக்கும், சீக்கிரம் தேயும். பார்வைக்குப் புதிதாக இருந்தும் 'ஸ்' ஒலிகள் எல்லாம் நொறுங்கிக் கேட்டால் பழைய கனத்த ஊசி அதை அரைத்திருக்கிறது என்று பொருள், கழுவினால் சரியாகாது. ஆல்கஹால் கலந்த திரவத்தால் அரக்குத் தட்டைத் துடைக்கவே கூடாது, அரக்கு கரையும். எந்தத் தட்டையும் கிடையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி, வெயில்படாமல் வைக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் பூட்டிய காருக்குள் விட்டால் ஒரே மதியத்தில் நெளிந்துவிடும்.

ஒரு சின்ன ரேடியோவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள்?

பெரிய ரேடியோ கூடத்தில் இருந்தது. அதன் திருகு அப்பாவின் கையில். 1954 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ரீஜென்சி டி.ஆர்.-1 அதை மாற்றத் தொடங்கியது. நான்கு ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர்கள், 22.5 வோல்ட் பேட்டரி, சட்டைப் பைக்கு ஒட்டிய அளவு, விலை 49.95 டாலர். காதில் செருகும் இயர்ஃபோன் தனியாக வாங்க வேண்டும். அந்தத் தனிப் பொருள்தான் முக்கியம். போர்வைக்குள் ஒரு பிள்ளை என்ன கேட்கிறது என்பது முதன்முறையாகப் பெற்றோருக்குத் தெரியாமல் போனது. 1957இல் ஜப்பானின் சோனி டி.ஆர்.-63 வந்து விலையை 39.95 டாலருக்கு இறக்கியது.

இரவில்தான் அது உண்மையான அற்புதம். மீடியம் வேவ் அலைகள் பகலில் தரையை ஒட்டிப் போய்த் தேய்ந்துவிடும். பொழுது சாய்ந்ததும் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டும். ஆகவே வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த ஒரு சிற்றூரின் பிள்ளைக்கு, அவன் ஊர்க் கடைகளில் விற்காத கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் நள்ளிரவில் கேட்டது. பள்ளிக்கூடங்கள் பிரித்து வைத்ததை ஒலியலை பிரிக்கவில்லை. ராக் அண்ட் ரோல் மேல் பெரியவர்களுக்கு வந்த பயத்தில் பாதி இதுதான், வெளியே சொன்ன காரணம் எதுவாக இருந்தாலும்.

பழைய டி.ஆர்.-1 கையில் கிடைத்தால் உடனே பேட்டரி போடாதீர்கள். உள்ளே உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கும். அவற்றை முதலில் மாற்ற வேண்டும். 22.5 வோல்ட் பேட்டரி இன்று அரிது, தேடி வாங்க வேண்டியிருக்கும்.

முதல் ராக் அண்ட் ரோல் கச்சேரியில் கலவரம் நடந்ததாமே?

1952 மார்ச் 21, கிளீவ்லாந்து அரங்கம். வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் நடத்தியது. அரங்கம் கொள்வது சுமார் 10,000 பேர். வந்தது ஏறக்குறைய இரு மடங்கு. அளவுக்கு மீறி டிக்கெட் போயிருந்தது, கள்ள டிக்கெட்டும் சேர்ந்தது. வெளியே நின்றவர்கள் கதவைத் தள்ளி உடைத்தார்கள். நிகழ்ச்சி தொடங்கிய சற்று நேரத்திலேயே அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். இதில் கலகம் என்று எதுவும் இல்லை, நெரிசல் மேலாண்மையில் நடந்த தவறு. ஆனால் கூட்டத்தில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள் என்பதால் செய்தி வேறு மாதிரி பரவியது.

எல்விஸை இடுப்புக்கு மேல் மட்டும் காட்டினார்கள் என்பது உண்மையா?

ஒரே ஒரு நிகழ்ச்சியில். எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் மூன்று முறை தோன்றினார். 1956 செப்டம்பர் 9 அன்று முதல் முறை சுமார் 6 கோடி பேர் பார்த்தார்கள். 1957 ஜனவரி 6 அன்று, மூன்றாவது முறைதான் கேமரா இடுப்புக்குக் கீழே இறங்கவில்லை. 1958 மார்ச்சில் ராணுவம் அழைத்துத் தலைமுடியை ஒட்ட வெட்டியபோது பத்திரிகைப் படக்காரர்கள் சூழ்ந்து நின்று படமெடுத்தார்கள். அந்தப் படங்கள் பல பெற்றோருக்கு நிம்மதி தந்தன.

அந்த 'வாத்து வால்' முடியை எப்படிச் சீவினார்கள்?

பக்கமுடி காதுக்குக் கீழே வரும் அளவு நீளம் வேண்டும், பின்கழுத்திலும் வளர்ந்திருக்க வேண்டும். ஈரம் லேசாக இருக்கும்போது கட்டைவிரல் நுனியளவு மெழுகுப் பொமேடை (தலைமுடிப் பசை) உள்ளங்கையில் தேய்த்து உருக்கி, வேரிலிருந்து நுனிக்குத் தடவுவார்கள். இரு பக்கமும் பின்னோக்கி வாரி, பின்மண்டையின் நடுவில் இரு சிறகும் சந்திக்கும் இடத்தில் சீப்பின் முனையால் மேலிருந்து கீழாக ஒரு கோடு. முன்முடியைத் தூக்கி வாரி, ஒரு கற்றையை மட்டும் நெற்றியில் விழவிட்டால் முடிந்தது.

கெடுவது எங்கே? காசு மிச்சம் என்று வாசலின் அப்பியவர்கள் பல நாள் திண்டாடினார்கள். அது தண்ணீருக்கும் சாதாரண சோப்புக்கும் அசையாது, தூசியை வேறு இழுக்கும். மேடையில் இதைச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: தேங்காய் எண்ணெய் பளபளப்பைத் தரும், ஆனால் பிடிமானம் தராது. விளக்குச் சூட்டில் பத்தே நிமிடத்தில் சரிந்துவிடும். மெழுகு கலந்த பொமேடுதான் நிற்கும்.

ஹாட் ராட் என்பது எந்தக் கார்? வாங்கியதை ஏன் பிரித்தார்கள்?

வேகத்துக்காகப் பிரித்து மாற்றிக் கட்டிய பழைய கார்தான் ஹாட் ராட். பெரும்பாலும் 1930களின் ஃபோர்டு. மிகவும் விரும்பப்பட்டது 1932ஆம் ஆண்டின் மாடல், ஏனென்றால் அந்த ஆண்டில்தான் ஃபோர்டு மலிவு விலையில் எட்டு சிலிண்டர் கொண்ட வி-8 எஞ்சினைக் கொடுத்தது: 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். இருபது வருடம் கழித்து அந்தக் கார்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகும் நிலையில் இருந்தன. பையன்கள் அவற்றை மலிவாக வாங்கி வீட்டுக் கொட்டகையில் பிரித்தார்கள்.

வேலை ஏறக்குறைய இந்த வரிசையில் நடக்கும். முதலில் எடை குறைப்பு: மட்கார்ட், பம்பர், சில சமயம் பானெட்டும் போய்விடும். அடுத்து சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது. பிறகு ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஸ்ட்ராம்பர்க் 97 என்ற வகையில் இரண்டு அல்லது மூன்று. இருபக்கமும் தனித்தனிப் புகைக்குழாய். கைவசம் காசிருந்தால் மெர்குரி எஞ்சினின் கிராங்க்ஷாஃப்டை வைத்து ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஓடும் தூரத்தை, நீட்டுவார்கள்.

இந்த எஞ்சினின் சாபம் சூடு. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே இருந்தன. எரிந்த புகை வெளியேற பிளாக்கின் ஊடாகவே போக வேண்டும். போகிற வழியில் குளிர்நீரைச் சூடாக்கிக்கொண்டே போகும். எவ்வளவு சக்தி ஏற்றுகிறோமோ அவ்வளவு கொதிப்பு. கடைசியில் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விரிசல் விழும். சிலிண்டர் ஹெட்டை மட்டும் மாற்றி எஞ்சினைக் காப்பாற்ற முடியாது.

உயிருக்கு ஆபத்து பிரேக்கில். 1939க்கு முந்தைய ஃபோர்டுகளில் பிரேக் வெறும் கம்பியாலும் நெம்புகோலாலும் இயங்கியது. நான்கு சக்கரமும் ஒரே சீராகப் பிடிக்காது, கார் ஒரு பக்கம் இழுக்கும். விவரம் தெரிந்தவர்கள் எஞ்சினைத் தொடும் முன்பே 1939க்குப் பிந்தைய ஹைட்ராலிக் பிரேக்கைப் பொருத்தினார்கள். தெரியாதவர்கள் இரட்டிப்பு வேகத்தைப் பழைய பிரேக்கில் ஓட்டினார்கள்.

தெருப்பந்தயத்தைத் தடுக்கப் போலீஸ் மட்டும் போதவில்லை. 1951இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய தேசிய ஹாட் ராட் சங்கம் பரிசோதனை செய்த வண்டி, மூடிய ஓடுபாதை, கால்மைல் தூரம் என்று விதி வகுத்தது. பல ஊர்களில் போலீஸ்காரர்களே இந்தக் கிளப்புகளுக்கு உதவினார்கள். பிள்ளைகளிடமிருந்து காரைப் பிடுங்காமல், ஓட்ட இடம் கொடுத்த அரிதான விவேகம் அது.

மலை விளிம்பை நோக்கிக் காரோட்டி, கடைசியில் குதிப்பது நிஜமாக நடந்ததா?

நாம் மனதில் வைத்திருக்கும் காட்சி 1955இல் ஜேம்ஸ் டீன் நடித்த 'ரெபெல் வித்தவுட் எ காஸ்' (காரணமில்லாத கலகக்காரன்) படத்தில் வருவது. எதிரெதிரே காரை ஓட்டி யார் முதலில் விலகுகிறார் என்று பார்க்கும் பந்தயங்கள் இருந்தன. மலை விளிம்பு சினிமாவின் தேர்வு.

டீன் இறந்தது பந்தயத்தில் அல்ல. 1955 செப்டம்பர் 30, கலிபோர்னியாவின் சோலாம் அருகே, அவரது போர்ஷே 550 ஸ்பைடர் ஒரு சந்திப்பில் திரும்பிய ஃபோர்டுடன் மோதியது. வயது 24. அன்று மதியம்தான் வேகத்துக்காக அபராதச் சீட்டு வாங்கியிருந்தார். படம் ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 27 அன்று வெளிவந்தது. இறந்தவனைத் திரையில் பார்த்த பிள்ளைகளுக்கு அது சாதாரணப் படமாக இல்லை. இந்தத் தேதிகளை நினைவில் வையுங்கள். கீழே பிள்ளைமை தொலைந்த தருணம் பற்றிய கேள்வியில் மீண்டும் தேவைப்படும்.

காமிக்ஸ் புத்தகங்களை ஏன் எரித்தார்கள்?

1948 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் போன்ற ஊர்களில் பள்ளி மாணவர்களை வைத்தே எரிக்கவைத்தார்கள். குற்றக் கதையும் பேய்க் கதையும் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்பது வாதம். மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் அதற்கு முகமானார். 1954 ஏப்ரலிலும் ஜூனிலும் செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. அரசு தடை போடுமுன் பதிப்பாளர்களே அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு விதித்தொகுப்பை ஏற்றார்கள்: அட்டைப் பெயரில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் கூடாது, ரத்தக்காட்டேரிகளும் நடைபிணங்களும் கூடாது, போலீஸ்காரரையும் நீதிபதியையும் மரியாதை குறையும்படி வரையக்கூடாது. இந்த விதிப்படி ஒப்புதல் முத்திரை பெறாத இதழை விநியோகஸ்தர்கள் எடுக்க மறுத்தார்கள். சட்டமே இல்லாமல் தடை நடந்தது.

அது எங்கே போய் நின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஈ.சி. என்ற காமிக்ஸ் நிறுவனம் இன வெறுப்பைக் கண்டிக்கும் அறிவியல் கதை ஒன்றை மறுபதிப்புக்கு அனுப்பியது. கடைசிக் கட்டத்தில் விண்வெளி வீரர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பினத்தவர், முகத்தில் வியர்வைத்துளி மின்னுகிறது. விதிக்குழுத் தலைவர் அந்த வீரர் கறுப்பராக இருக்கக்கூடாது என்றார். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் மறுத்துச் சண்டையிட்டுக் கதையை அப்படியே அச்சிட்டார். பிள்ளைகளைக் காப்பாற்றப் பிறந்த விதி காக்க முயன்றது இதைத்தான்.

வெர்தமை வெறும் வில்லனாக எழுதுவது நியாயம் இல்லை. நியூயார்க்கின் ஹார்லெமில் ஏழைக் கறுப்பினத்தவருக்காக மலிவு மனநல மருத்துவமனை நடத்தியவர் அவர். பள்ளிகளில் இனப்பிரிவினை பிள்ளைகளின் மனதைப் புண்படுத்துகிறது என்ற அவரது சாட்சியம் டெலவேர் மாநிலத்தின் பள்ளிப் பிரிவினை வழக்கில் பயன்பட்டது. ஆனால் காமிக்ஸ் விஷயத்தில் அவர் தம் நோயாளிச் சிறுவர்களின் வாக்குமூலங்களைத் திருத்தியும் கலந்தும் எழுதியிருக்கிறார் என்பதை 2012இல் ஆய்வாளர் கேரல் டில்லி அவருடைய ஆவணங்களிலிருந்தே காட்டினார்.

பிடிபட்ட பிள்ளைக்கு என்ன நடக்கும்?

படங்களில் காட்டுவதைவிட மோசமாக. சிறார் நீதிமன்றம் தண்டிக்க அல்ல, திருத்தவே இருக்கிறது என்பது கொள்கை. அதனாலேயே வக்கீல், குறுக்கு விசாரணை, மௌன உரிமை எதுவும் அங்கே உறுதியில்லை. குற்றமே செய்யாமலும் மாட்டலாம்: பள்ளிக்குப் போகாதது, வீட்டைவிட்டு ஓடியது, 'அடங்காதது'.

கூட்டாட்சி உச்சநீதிமன்றம் இதில் தலையிட 1967 ஆனது. அரிசோனாவில் 15 வயது ஜெரால்ட் கால்ட் 1964இல் ஆபாசத் தொலைபேசி அழைப்புக்காகப் பிடிக்கப்பட்டான். பெற்றோருக்கு முறையான தகவல் இல்லை, புகார் கொடுத்தவர் நீதிமன்றத்துக்கே வரவில்லை, விசாரணையைப் பதிவு செய்யவும் இல்லை. தீர்ப்பு: 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளி, அதாவது ஆறு ஆண்டு வரை. அதே குற்றத்தைப் பெரியவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. 1950களில் பிடிபட்ட எல்லாப் பிள்ளைகளும் இந்த வழக்குக்கு முந்தையவர்கள்.

பெண் பிள்ளைகள் கலகம் செய்யவில்லையா?

செய்தார்கள், விலையும் கூடுதலாகக் கொடுத்தார்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களின் பிரசவ விகிதம் அமெரிக்காவில் உச்சம் தொட்டது 1957இல், ஆயிரத்துக்கு 96.3. அவர்களில் பெரும்பாலோர் மணமானவர்கள். அப்போது பெண்களின் முதல் திருமண வயதின் நடுமதிப்பே 20ஐ ஒட்டித்தான் இருந்தது. மணமாகாமல் கருவுற்றால் பள்ளி வெளியே அனுப்பும். 'அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள்' என்று சொல்லித் தூரத்து விடுதியில் வைத்து, பிறந்த குழந்தையைத் தத்துக்கு வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புவார்கள். பையனின் படிப்பு பெரும்பாலும் அப்படியே தொடரும். கர்ப்பிணி மாணவியை விலக்கக்கூடாது என்ற கூட்டாட்சிப் பாதுகாப்பு வந்தது 1972இன் சட்டத்தில்தான்.

பிள்ளைமை தொலைந்த தருணம் எது? ஹாலி விமான விபத்தா, கென்னடி கொலையா?

1959 பிப்ரவரி 3 அன்று அயோவாவில் விழுந்த விமானத்தில் ராக் அண்ட் ரோல் பாடகர்களான 22 வயது பட்டி ஹாலியும் 17 வயது ரிச்சி வாலன்ஸும் இறந்துபோனது பெருந்துயரம். கென்னடியின் மரணமும் அப்படியே. ஆனால் இவற்றைத் தொடக்கமாக வைப்பவர்கள் நாட்டின் பாதிக் கண்ணால் பார்க்கிறார்கள்.

1955 ஆகஸ்ட் 28, மிசிசிப்பியின் மணி என்ற சிற்றூர். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயது கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லை இரண்டு வெள்ளையர்கள் இரவில் தூக்கிச் சென்று கொன்று ஆற்றில் போட்டார்கள். வெள்ளையினக் கடைக்காரப் பெண்ணிடம் அவன் முறைதவறி நடந்தான் என்பது சாக்கு. தாய் மேமி சவப்பெட்டியை மூட விடவில்லை. சிதைந்த முகத்தை ஆயிரக்கணக்கானோர் நேரில் பார்த்தார்கள், 'ஜெட்' பத்திரிகையில் இன்னும் எத்தனையோ பேர். செப்டம்பர் 23 அன்று முழுக்க வெள்ளை ஆண்களாலான ஜூரி 67 நிமிடத்தில் இருவரையும் விடுவித்தது. அடுத்த ஜனவரியில் 'லுக்' பத்திரிகையில் அவர்களே கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு மறுமுறை விசாரிக்க முடியாது.

தீர்ப்புக்கு ஏழு நாள் கழித்து டீன் இறந்தார். ஒரே இலையுதிர் காலம். ஒரு சாவுக்கு நாடே போஸ்டர் ஒட்டியது. மற்றதைத் தங்கள் வயதுப் பையனின் முகமாகப் பார்த்த கறுப்பினப் பிள்ளைகள் ஐந்தே வருடத்தில் உணவக மேசைகளில் உட்கார்ந்து மறியல் செய்யும் தலைமுறையானார்கள்.

மாணவர்கள் தாங்களாகவே நடத்திய கலகம் ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் மிகத் துல்லியமாகத் திட்டமிட்டது. வர்ஜீனியாவின் ஃபார்ம்வில், மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்குக் கட்டியதில் 450க்கும் மேற்பட்ட கறுப்பின மாணவர்கள். மிச்சக் கூட்டத்துக்குத் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகள், மழையில் ஒழுகும். 16 வயது பார்பரா ஜான்ஸ் சில மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் ரகசியமாகத் திட்டமிட்டாள்.

1951 ஏப்ரல் 23. முதலில் தலைமை ஆசிரியருக்குப் பொய்த் தொலைபேசி: பேருந்து நிலையத்தில் உங்கள் மாணவர்கள் வம்பில் மாட்டியிருக்கிறார்கள். அவர் கிளம்பினார். அடுத்து ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு துண்டுச்சீட்டு: கூட்டத்துக்கு வரவும், கீழே 'ஜே' என்று கையொப்பம். தலைமை ஆசிரியரின் பெயரும் ஜோன்ஸ், அவளுடையதும் ஜான்ஸ். அரங்கில் திரை விலகியபோது மேடையில் அவள். ஆசிரியர்களை வெளியேறச் சொன்னாள். தலைமை ஆசிரியரை அப்புறப்படுத்தியதே அவருக்கு வேலை போகக்கூடாது என்பதற்காகத்தான். எல்லாரும் நடந்து வெளியேறினார்கள். மறியல் இரண்டு வாரம்.

அவர்கள் கேட்டது புதுக் கட்டடம். கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வழக்கறிஞர்கள், பிரிவினையையே எதிர்த்தால் வருகிறோம் என்றார்கள். மே 23 அன்று 117 மாணவர்கள் பெயரில் வழக்கு. 1954இல் பள்ளிப் பிரிவினையைச் செல்லாததாக்கிய பிரவுன் தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் மாணவர்கள் தொடங்கியது இது ஒன்றுதான். மாவட்டம் பழி தீர்த்தது: 1959 முதல் 1964 வரை எல்லா அரசுப் பள்ளிகளையும் இழுத்து மூடியது.

லிட்டில் ராக்கில் அந்தப் பெண் ஏன் தனியாக நடந்து வந்தாள்?

வீட்டில் தொலைபேசி இல்லாததால். அர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக்கில், வெள்ளையர் மட்டுமே படித்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் முதன்முதலாகச் சேரவிருந்த ஒன்பது கறுப்பின மாணவர்களும் 1957 செப்டம்பர் 4 அன்று சேர்ந்து போவதென்று முந்தைய இரவு முடிவானது. 15 வயது எலிசபெத் எக்ஃபோர்டுக்குத் தகவல் எட்டவில்லை. பள்ளி வாசலில் ஆளுநரின் காவல்படை அவளைத் தடுத்தது, பின்னால் கும்பல் கத்தியது. செப்டம்பர் 25 அன்று 101ஆவது வான்வழிப் படைப்பிரிவின் காவலில் உள்ளே போனார்கள். ஆனால் படைவீரர்கள் வகுப்பறைக்குள்ளும் கழிப்பறைக்குள்ளும் வரமுடியாது. அடியும் உதையும் அங்கேதான் நடந்தன. கொடுமைப்படுத்தியவர்களும் பதின்ம வயதினர்தான், சுத்தமான சட்டையும் சீவிய தலையுமாக. லெதர் ஜாக்கெட்டைப் பார்த்துப் பயந்தவர்கள் இவர்களைப் பார்த்துப் பயப்படவில்லை. அடுத்த கல்வியாண்டில் ஊரின் உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன. கால்பந்துப் போட்டிகள் மட்டும் நடந்தன.

மற்ற நாடுகளில்?

லண்டனின் டெடி பாய்ஸ் நீளக் கோட்டும் ஒடுங்கிய கால்சட்டையும் அணிந்தார்கள். அவர்களை வெறும் ஃபேஷனாக நினைவுகூர முடியாது: 1958இல் நாட்டிங் ஹில்லில் மேற்கிந்தியத் தீவினரின் வீடுகளைத் தாக்கியவர்களில் அவர்களும் இருந்தார்கள், ஒன்பது வெள்ளை இளைஞர்களுக்குத் தலா 4 ஆண்டுச் சிறை கிடைத்தது.

சோவியத் நாட்டில் மேற்கத்திய இசை கிடைக்காது. லெனின்கிராட் இளைஞர்கள் மருத்துவமனைகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படத்தில் தட்டு வெட்டினார்கள். படத்தைக் கத்தரியால் வட்டமாக நறுக்கி, நடுத்துளையைப் பெரும்பாலும் சிகரெட் நெருப்பால் சுட்டு, கையால் செய்த பதிவு இயந்திரத்தில் 78 வேகத்தில் பள்ளம் கீறுவார்கள். ஒரு பக்கம் மட்டும்தான். படம் மெல்லியது, கனத்த ஊசியில் சில முறை போட்டாலே தேயும். சட்டைக் கைக்குள் சுருட்டி மறைத்துக் கொண்டுபோகலாம் என்பதே அதன் வசதி. வெளிச்சத்தில் பிடித்தால் பாட்டுக்கு நடுவே யாரோ ஒருவரின் விலா எலும்பு தெரியும். இதைச் செய்த ருஸ்லான் பொகஸ்லோவ்ஸ்கி பலமுறை சிறை சென்றார்.

நேரில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

ஃபார்ம்வில்லில் மோட்டன் பள்ளியே இப்போது அருங்காட்சியகம். பார்பரா நின்ற அரங்கிலிருந்துதான் சுற்றிப்பார்ப்பது தொடங்கும். லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி இன்றும் நடக்கிறது, ஆகவே நினைத்தபடி உள்ளே போகமுடியாது. எதிரிலுள்ள பார்வையாளர் மையத்தில் முன்கூட்டியே பதிந்தால் பூங்காத் துறை ஊழியர் அழைத்துச் செல்வார். எம்மெட்டின் சவப்பெட்டி வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் தனி அறையில் இருக்கிறது. வரிசையில் நின்று உள்ளே போக வேண்டும். அந்த அறையில் படம் எடுக்க அனுமதி இல்லை.